சீடையின் பாதங்கள்

ஜோர்ஹாட், அஸ்ஸாம்
6 ஜூலை 2025

அப்பாவுக்கு,

வந்து சேர்ந்தேன். தேயிலை ஆய்வுக்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்தாகிவிட்டது. விடுதியில் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஓயாத மழை. பழைய போன் நம்பரை எடுத்துவிட்டேன். புது நம்பர் டொராண்டோவில் இருக்கும் அண்ணா சுமந்துக்கும், அவனோடு இருக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். உங்களிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், சூடாமணி அத்தை நடுவில் நின்று இரண்டு பேருக்கும் மோர் கொடுப்பாள். எனவே சொல்ல வேண்டியதை எழுதுங்கள்.

பக்கத்து வீட்டுச் சரோஜம் மாமியை வைத்துக்கொண்டு, “எலி வளக்கறவள எவன் கட்டிண்டு போவான்?” என்று கேட்டீர்களே, அதை நான் மறக்கவில்லை. ஆனால் அதில் எலிகளின் குற்றம் ஒன்றுமில்லை. மூன்று ரயில் மாறி அவர்களைக் கொண்டுவர வழியில்லாமல்தான் விட்டுவிட்டு வந்தேன். பிப்ரவரியில் ப்ரொபேஷன் முடியும். வந்து அழைத்துப் போகிறேன். அதுவரை சீடையும் மிளகும் உங்கள் பொறுப்பு. வெள்ளைக்காரி சீடை, சாப்பாட்டு ராமி. கறுப்பி மிளகு, பயந்தாங்கொள்ளி.

தொட்டியில் விரித்திருக்கும் துணியைத் தினம் மாற்றுங்கள், ஈரத்தில் நிற்கவிடாதீர்கள். சாப்பாடு காலையில் ஒரு ஸ்பூன், மாலையில் ஒரு ஸ்பூன், கொஞ்சம் காய். சீடை இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கெஞ்சுவாள். ஏமாந்துவிடாதீர்கள்.

ஜானவி


கரமனை, திருவனந்தபுரம்
17 ஜூலை 2025

அன்புள்ள ஜானவிக்கு ஆசீர்வாதம்.

இங்கே யாவரும் சௌக்கியம், எலிகள் உட்பட. அக்கௌண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் உத்தியோகம் பார்த்த காலம் முழுக்கக் கறாரான கடிதங்களுக்குப் பதில் எழுதியவன் நான். பெற்ற பெண்ணிடமிருந்தும் அப்படி ஒன்று வரும் என்று நினைக்கவில்லை. போகட்டும்.

தினம் துணி மாற்றுவது நடக்கிற காரியமில்லை. எலி மூத்திரத் துணியைக் குழாயடிக்கே கொண்டுவரக் கூடாது என்கிறாள் உன் அத்தை. நான் தொட்டியில் கை வைத்தால் அப்புறம் குளிக்க வேண்டும். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் என்று குளித்துக் குளித்து ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். நம் வீட்டு ஆசாரம் உனக்குத் தெரியாததில்லை.

ஆகவே வேறு ஏற்பாடு செய்துவிட்டேன். ஆரியசாலையில் கம்பி வலை வியாபாரம் செய்யும் வன்னியராஜிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். “சாமி, அடியிலயும் கம்பி வலையே போட்டுருவோம். அசிங்கமெல்லாம் தானா கீழ விழுந்துரும். நீங்க கைய வைக்காண்டாம்” என்றார். மூன்று மாடிக் கூண்டு! ஒவ்வொரு மாடிக்கும் கம்பித் தரை. கழிவு அடித்தட்டில் விழுகிறது, நான் அதை ஒரு கொக்கியால் இழுத்துத் தண்ணீர் காட்டுகிறேன். காற்றோட்டம் பிரமாதம். உன் பிளாஸ்டிக் தொட்டியில் தர்மாஸ்பத்திரி நோயாளிகள் மாதிரிக் கிடந்தார்கள். இப்போது அரண்மனைவாசிகள்.

உன்மேல் கோபம் இருந்தால் இதெல்லாம் செய்வேனா என்று நீயே யோசித்துப் பார்.

அப்பா


ஜோர்ஹாட்
27 ஜூலை 2025

அப்பா,

அந்தக் கம்பித் தரையை உடனே மூடுங்கள். மீதிக் கடிதத்தை அப்புறம் படிக்கலாம்.

எலியின் உள்ளங்காலை நீங்கள் பார்த்ததே இல்லை. நம் காது மடலைவிட மெல்லிய தோல். அதை வைத்துக்கொண்டு நாள் பூராவும் கம்பிமேல் நடந்து, கம்பிமேல் உட்கார்ந்து, கம்பிமேலேயே தூங்க வேண்டும் என்றால் என்ன ஆகும்? முதலில் குதிகால் சிவக்கும். பிறகு காய்த்துக் கொப்பளமாகும். கொப்பளம் உடைந்தால் அழுக்கு உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். பம்பிள்ஃபுட் என்பார்கள். வந்துவிட்டால் லேசில் ஆறாது. எலும்புக்குப் போய்விட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வராமல் தடுப்பது ரொம்பச் சுலபம் அப்பா. மெத்தென்று, காய்ந்து இருக்கிற தரை. அதோடு அவர்கள் உடம்பு பருக்காமல் இருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

துணியைத் துவைக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். சாலைக் கடைத்தெருவில் கட்பீஸ் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கம்பிமேல் பலகையோ அட்டையோ வைத்து, அதன்மேல் இரண்டு மடிப்பாக விரியுங்கள்.

நீங்கள் அலைந்து செய்தது புரிகிறது. நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். கோபம்தான் வருகிறது.

ஜானவி


கரமனை
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜானவிக்கு ஆசீர்வாதம்.

உன் உத்தரவுப்படி அட்டை போட்டேன். ஒரே ராத்திரியில் மிளகு அதைக் கடித்துத் தவிடாக்கிவிட்டாள். மிச்சம் நனைந்து நாறியது. பலகை ஒன்று மேல் மாடியில் போட்டு, உன் பழைய சுடிதாரை அதன்மேல் விரித்திருக்கிறேன். ஆனால் சீடை அங்கே தங்குவதில்லை. சாப்பாடு வருகிற வாசல் கீழே இருக்கிறதே, அங்கேயே கம்பிமேல் காவல் கிடக்கிறாள்.

இன்னொரு விசேஷம். சரோஜம் மாமியின் மருமகனுக்கு விசா வராமல் இழுத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். மாமி போன வாரம் சீடைக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுத்தாள். மறுநாள் விசா வந்துவிட்டது. அவ்வளவுதான், தெரு முழுக்கச் செய்தி. “பிள்ளையாரோட வண்டியாக்கும் அது, கேட்டேளா?” என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். இப்போது காலையில் கோயிலுக்குப் போகிறவர்கள் நம் வாசலிலும் ஏறி இறங்குகிறார்கள். அவல், பொரி, தேங்காய்ச் சில்லு. எலி என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்ட உன் அத்தை, கூண்டுக்கு முன்னால் கோலம் போடுகிறாள்.

நீ சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். “அதிகம் கொடுக்கப்படாது, கால் போயிடுமாம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்பா


கரமனை
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜானவிக்கு ஆசீர்வாதம்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. உங்கள் பக்கம் வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள். ஜாக்கிரதையாக இரு.

விநாயக சதுர்த்தி முடிந்தது. சுருக்கமாகச் சொன்னால் கொழுக்கட்டை. இருபக்கத்து வீட்டுக் கொழுக்கட்டையும் எதிர்வரிசைக் கொழுக்கட்டையும் நம் கூண்டில்தான் நைவேத்தியமாயின. நான் தடுக்கப் போனேன். “பிள்ளையார் பொறந்தநாளும் அதுவுமா அவர் வாகனத்தப் பட்டினி போடச் சொல்றியாடா?” என்று அக்கா எல்லார் எதிரிலும் கேட்டாள். அறுபத்து நான்கு வயதில், நின்ற இடத்தில் குட்டுப்பட்ட பையன் மாதிரி ஆகிவிட்டேன். சீடை பூரணத்தை மட்டும் தின்றுவிட்டு மேல்மாவை மிளகுக்கு விட்டாள். இப்போது பெயருக்கேற்ற உடம்பு. திரும்புவதற்குள் மூச்சு வாங்குகிறது.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அவள் பின்னங்கால் ஒன்று மருதாணி வைத்தாற்போல் சிவந்திருக்கிறது. தென்னங்குச்சியில் பஞ்சைச் சுற்றி, மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, வலைக்கு வெளியிலிருந்தே அக்கா தடவுகிறாள். பலகையெல்லாம் மஞ்சள் காலடி. நான்கு நாளில் சரியாகிவிடும் என்கிறாள்.

சரியாகிவிடும் அல்லவா?

அப்பா


ஜோர்ஹாட்
8 செப்டம்பர் 2025

அப்பா,

ஆகஸ்டில் நான் எழுதிய கடிதம் வெள்ளத்தில் எங்கேயோ போய்விட்டது போலிருக்கிறது. உங்களுடைய இரண்டு கடிதமும் இன்று ஒன்றாக வந்தன.

மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம். எண்ணெய்க் காலில் எல்லா அழுக்கும் ஒட்டும். உடனே மிருக டாக்டரிடம் கொண்டுபோங்கள். நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான் பார்ப்பேன் என்றால் அடுத்த டாக்டர். அதற்கு முன் நீங்களே அவளைக் கையில் எடுத்து மல்லாத்திப் பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். சிவப்பு மட்டும்தானா, கொப்பளமா, நடுவில் கறுப்பாகப் பொருக்கு ஏதும் இருக்கிறதா? குச்சியை வைத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியாது அப்பா. தொட்டுத்தான் ஆக வேண்டும். கடிக்க மாட்டாள். காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

லீவு கேட்டேன். “எதற்கு?” என்றார் மேலதிகாரி. எலிக்குக் கால் சரியில்லை என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். ப்ரொபேஷனில் சொல்லாமல் கிளம்பினால் வேலை போய்விடும், இந்த வேலையை விட்டால் மறுபடி உங்கள் முன்னால் வந்துதான் நிற்க வேண்டும். அதற்காகவா அவளை விட்டுவிட்டேன் என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னால் இங்கிருந்து எழுதத்தான் முடிகிறது. எழுதுவதும் அங்கே வந்து சேர்வதற்குள் பழசாகிவிடுகிறது.

ஜானவி


கரமனை
20 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜானவிக்கு ஆசீர்வாதம்.

தொட்டேன்.

முதலில் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்தேன். துண்டு வழுக்கியது, வெறுங்கையால் எடுத்தேன். அவள் இதயம் என் விரலுக்குள் படபடவென்று அடித்தது. நீ சொன்ன இடத்தில் சொறிந்தேன். நீ சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு நாள் குச்சிக்கும் கொக்கிக்கும் அப்பால் இருந்த பிராணி என்னை நம்பிக் கண்ணை மூடுகிறது. உள்ளங்காலில் கொப்பளம், நடுவில் கறுப்புப் பொருக்கு.

அஜீஷின் ஆட்டோவில் கொண்டுபோனேன். மடியில் அட்டைப் பெட்டி. “பூச்சக்குஞ்ஞாணோ சாமி?” என்று கேட்டான். பூனைக்குட்டி இல்லையப்பா, எலி என்றேன். அதற்கப்புறம் தம்பானூர் வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். அங்கே டாக்டர் சபீனா என்று ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். பார்த்த உடனே, “அங்கிளே, இவள் வல்லாதெ தடிச்சிப் போயல்லோ” என்று, ரொம்பப் பருத்துவிட்டாளே என்று சிரித்தாள். அப்புறம் காலைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது. கூண்டு எப்படி என்று கேட்டாள். சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது எல்லா மாடியிலும் பலகை, பலகைமேல் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய பருத்திக் கட்பீஸ். காலையும் மாலையும் நானே மாற்றுகிறேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை நனைத்து ஒற்றி எடுத்து, மருந்தைச் சொட்டாக வாயில் விடுகிறேன். ஒவ்வொரு தடவையும் குளிக்கத்தான் குளிக்கிறேன், ஆனால் எடுக்கத் தயங்குவதில்லை. கூண்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டுவிட்டேன். அக்கா என்னோடு பேசுவதில்லை.

வருகிற வாரம் நவராத்திரி. அதுதான் பயமாக இருக்கிறது.

அப்பா


கரமனை
4 அக்டோபர் 2025

ஜானவி,

க்ஷேமம் விசாரித்து ஆரம்பிக்க மனம் வரவில்லை. சீடைக்கு மோசமாகிவிட்டது.

கொலு வைத்த அன்றே, கூண்டைக் கொலுப்படிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றாள் அக்கா. பிள்ளையார் பொம்மை பக்கத்தில் உயிரோடு வாகனம்! மாட்டேன் என்றேன். தெருப் பெண்டுகள் எல்லோரும் வந்து கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன் என்ன செய்வேன்? பூட்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் சம்மதித்தேன். சுண்டல் வலைக் கண்ணுக்குள் நுழையும் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? ஒருநாள் கடலை, ஒருநாள் பட்டாணி, ஒருநாள் மொச்சை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “வேண்டாம், வேண்டாம்” என்று கைகூப்பினேன். “ஒண்ணே ஒண்ணு” என்று ஆளுக்கொன்று போட்டார்கள்.

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் மருந்து தீர்ந்துவிட்டதென்று தம்பானூர் போனேன். பூட்டியிருந்த கூண்டின் சாவியை அக்காவிடம் கொடுத்து, ஈரமானால் துணியை மட்டும் மாற்று என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் போன நேரத்தில் பெரிய மனிதர்கள் வீட்டுப் பெண்கள் வருகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. பழந்துணி கிடந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அதை எல்லாம் உருவிவிட்டு, வெற்றிலை பாக்கோடு கொடுக்க வைத்திருந்த ரவிக்கைத் துண்டுகளில் நல்லதாகப் பார்த்து விரித்திருக்கிறாள். முழுக்கச் சொரசொரவென்று சரிகை போட்டது. அந்தச் சரிகைமேல் சீடை சுண்டலுக்காக முன்னும் பின்னும் ஓடியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது பச்சைப் பட்டில் ரத்தம்.

அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். “நல்லதுன்னு நெனச்சுத்தாண்டா போட்டேன்” என்றாள். என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. கம்பித் தரையை நல்லதென்று நினைத்துத்தானே நானும் போட்டேன்?

எலும்புக்குப் போய்விட்டது என்கிறாள் டாக்டர். மருந்தை மாற்றியிருக்கிறாள். “நமுக்கு நோக்காம் அங்கிளே” என்றாள். பார்ப்போம் என்று ஒரு டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அப்பா


ஜோர்ஹாட்
12 அக்டோபர் 2025

அப்பா,

அத்தையைத் திட்டாதீர்கள். உங்களையும் திட்டிக்கொள்ளாதீர்கள். அத்தைமேல் கோபப்பட்டுப் பார்த்தேன், பச்சைப் பட்டைத் தேடி எடுத்து விரிக்கிற அவள் கைதான் கண்ணில் நிற்கிறது. கோபம் நிற்கவில்லை.

என் போன் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். கத்த மாட்டேன்.

லீவு மறுபடி கேட்டேன், கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் தேயிலைத் தூளை எடைபோட்டுக்கொண்டு நிற்கிறேன். கை வேலை செய்கிறது, மனம் கரமனையில் கிடக்கிறது. அவள் இந்நேரம் எங்கே படுத்திருப்பாள், வலிக்கிற காலைத் தூக்கிக்கொண்டிருப்பாளா, யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று. உங்களுக்குச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. சொல்லத் தெரிந்ததை எல்லாம் ஜூலையிலேயே எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும். அந்தக் கால் கீழே படக்கூடாது அப்பா. பட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். தரையோ பலகையோ எதிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியாவது.

ஜானவி


கரமனை
22 அக்டோபர் 2025

அன்புள்ள ஜானவி,

தீபாவளியன்று மத்தியானம் உனக்குத் தெரியாத நம்பரிலிருந்து இரண்டு தடவை போன் வந்திருக்கும். நான்தான். சரோஜம் மாமியின் போன். முதல் தடவை நீ “ஹலோ” என்றாய். இரண்டாம் தடவை நீயாகவே “அப்பாவா?” என்றாய். நான் வைத்துவிட்டேன். அந்தக் குரலிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதத்தான் முடிகிறது.

சீடை போய்விட்டாள்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கால் கீழே படக்கூடாது என்று எழுதியிருந்தாய். நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியை நாலாக மடித்துப் போட்டு, அவளை மடியில் படுக்க வைத்துக்கொண்டேன். மடியைவிட மெத்தென்ற இடம் இந்த வீட்டில் எனக்குத் தோன்றவில்லை. அப்படியே இருந்தேன். சாப்பாட்டை அக்கா அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள், ஸ்பூனோடு. எலியைத் தொட்ட கையால் சாப்பிடாதே என்று அவள் சொல்லவில்லை, எனக்கும் நினைவு வரவில்லை. அக்கா ஒரு வெள்ளரித் துண்டைச் சீடையின் வாயருகே நீட்டினாள், வெறும் விரலால். சீடை அதை நக்கிவிட்டு விட்டுவிட்டாள். சாப்பாட்டு ராமி, வேண்டாம் என்றாள். அப்போதே எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

மிளகு நன்றாக இருக்கிறாள். கம்பிக் கூண்டைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. உன் பழைய தொட்டிக்கே வந்துவிட்டாள். உள்ளே பருத்தித் துணி, தினம் புதிது. அதைத் துவைப்பது உன் அத்தை, நம் குழாயடியில். நாள் தவறாமல் மிளகின் காலைத் திருப்பிப் பார்க்கிறேன். ரோஜா நிறம், ஒரு கீறல் இல்லை. எவ்வளவு சின்ன வேலை ஜானவி இது. இதைத்தானே நீ முதல் கடிதத்தில் சொன்னாய்.

தீபாவளி விடியலில்தான் அவள் போனாள். தெருவில் பட்டாசுச் சத்தம் ஆரம்பித்தபோது நடுங்குவாளே என்று கையால் காதைப் பொத்தினேன். அவள் நடுங்கவில்லை. அக்கா எண்ணெயும் சீயக்காயும் எடுத்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். குளிக்க வாடா என்று கூப்பிடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

சற்று நேரத்தில் சரோஜம் மாமி புதுப் புடவையோடு பட்சணத் தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். எனக்கு லேகியம், சீடைக்கென்று தனியாக ஒரு சின்ன லட்டு. தீபாவளியன்று எல்லோரும் எல்லோரையும் கேட்பதுபோல், “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்று கேட்டாள்.

“ஆகல மாமி” என்றேன். “இவ கால் கீழ படப்படாதுன்னு ஜானவி எழுதியிருக்கா.”

அப்பா